‘அதனால?’: சொமெலியே தேர்வுக்கு ஒயின் தியரி படித்த விதம்

விருந்தாளி கேட்டது பூயி-ஃப்வீசே என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின். நான் எடுத்துவந்து, லேபிளைக் காட்டி, திறந்து ஊற்றியது பூயி-ஃப்யூமே. லேபிளைப் பார்த்தபோது அவரும் ‘பூயி’யோடு நிறுத்திக்கொண்டார், நானும் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார். புல் வாசம் அடிக்கிறதே, இது ஷார்டனே மாதிரி இல்லையே என்றார். சரியாகத்தான் சொன்னார். ஃப்வீசே என்பது பர்கண்டியின் தென்பகுதியான மாகோனேயில் விளையும் ஷார்டனே திராட்சை. ஃப்யூமே என்பது லுவார் ஆற்றங்கரையில் விளையும் சோவிஞ்யோன் ப்ளாங். இரண்டுக்கும் பெயரில் பாதி பொருத்தம், அவ்வளவுதான்.

கூத்து என்னவென்றால், அதற்கு இரண்டு வாரம் முன்புதான் இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்து நோட்டில் டிக் போட்டிருந்தேன்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். கேட்டரிங் படித்துவிட்டு கப்பலில் பார் வெயிட்டராகச் சேர்ந்தவன். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி. சொமெலியே, அதாவது ஒயினைத் தேர்ந்து பரிமாறும் நிபுணர் ஆவதற்கான தேர்வில், முதல்முறை தியரியில் கோட்டைவிட்டேன், இரண்டாவது முறை தேறினேன். இரண்டு முறையும் பாடம் ஒன்றுதான். படித்த விதம்தான் வேறு. அந்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்தத் தேர்வு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நம்மவர்கள் அதிகம் போவது இரண்டு வழி. ஒன்று, லண்டனில் 1969-ல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. (ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட்). இது நிலை நிலையாகப் போகும். இரண்டாம் நிலையில் 50 கொள்குறி வினா, ஒரு மணி நேரம், 55 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மூன்றாம் நிலையில்தான் ஆட்டமே மாறும்: 50 கொள்குறி வினாவோடு, ஒவ்வொன்றும் 25 மதிப்பெண்ணுக்கு நான்கு எழுத்து வினா, எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். சுவைத்தேர்வு தனி. இன்னொரு வழி, கோர்ட் ஆஃப் மாஸ்டர் சொமெலியேஸ். அதில் அறிமுகம், சர்டிஃபைட், அட்வான்ஸ்ட், மாஸ்டர் என்று நான்கு படி. சர்டிஃபைடிலிருந்து தியரியோடு சுவைத்தேர்வும், மேசையில் பரிமாறிக் காட்டும் தேர்வும் உண்டு. முதலாவது ‘ஏன்’ என்று கேட்கும். இரண்டாவது ‘என்ன, எங்கே, எது’ என்று சடசடவெனக் கேட்கும். வெயிட்டர் வேலையில் இருப்பவர்கள் இரண்டாவதற்கே நேராகப் போகப் பார்ப்பார்கள். என் யோசனை, முதலாவதின் மூன்றாம் நிலைப் பாடத்தைப் படித்துவிட்டுப் போங்கள். ஏன் என்று தெரிந்தவனுக்கு எங்கே என்பது மறக்காது.

முதல்முறை நான் தோற்றதும் அந்த எழுத்து வினாவில்தான். பயிற்சித் தாளில் வந்த கேள்வி ஒன்று: மோசெல் ரீஸ்லிங்கில் (ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் விளையும் வெள்ளைத் திராட்சை ஒயின்) புளிப்பு அதிகமாகவும் ஆல்கஹால் குறைவாகவும் இருப்பது ஏன், விளக்குக. நான் மோசெலில் இருக்கும் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதினேன். தோட்டப் பெயர்களை எழுதினேன். கபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்று தரவரிசையையும் எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது. மதிப்பெண் ஒற்றை இலக்கம். எழுதியதில் தப்பு ஒன்றுமில்லை, கேட்டதற்குப் பதிலும் ஒன்றுமில்லை.

என் கேபினில் மேல் பங்க்கில் ஒரு தூத்துக்குடித் தம்பி இருந்தான். கப்பல் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை, ஒயின் வாசமே ஆகாது. நான் ராத்திரி இரண்டு மணிக்கு லைட்டைப் போட்டுப் படிப்பது அவனுக்குப் பெரிய தொல்லை.

"அண்ணே, சத்தமா படிக்கியளே, எனக்கும் வெளங்குற மாதிரி சொல்லுங்க. தூக்கம்தான் போச்சு, கதையாவது கேப்போம்."

சொன்னேன். மோசெல் ரொம்ப வடக்கே இருக்குடா, குளிர் பிரதேசம் என்றேன்.

"அதனால?"

திராட்சை மெதுவாத்தான் பழுக்கும்.

"அதனால?"

புளிப்பு குறையாது, சர்க்கரை அதிகம் ஏறாது.

"அதனால?"

ஈஸ்ட்டுக்குத் தின்னச் சர்க்கரை கம்மி, ஆல்கஹாலும் கம்மி. சில சமயம் அதையும் முழுசாத் தின்ன விடாமல் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள், ஆல்கஹால் இன்னும் குறையும், கொஞ்சம் இனிப்பு மிஞ்சும். அந்த இனிப்புதான் புளிப்பைத் தாங்கிப்பிடிக்கும்.

"சரி, அவ்வளவு குளிருன்னா அங்க ஏன் போய் நடுறான்?"

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். புத்தகத்தைப் புரட்டினேன். தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவு, வெயில் நேராக விழும். கல்மோன்ட் என்ற தோட்டத்தில் சரிவு 60 பாகைக்கும் மேல்; நிற்பதே கஷ்டம். மண் முழுக்கக் கருத்த ஸ்லேட் பலகைக்கல், பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி விடும். கீழே ஆறு, அதுவும் வெயிலைத் திருப்பி அனுப்பும், உறைபனியையும் கொஞ்சம் தள்ளிவைக்கும். ரீஸ்லிங் கொடியோ குளிர்காலத்தைத் தாங்கும் ஜாதி, துளிர்ப்பதும் பிந்தித்தான், அதனால் வசந்தகாலப் பனியிலிருந்து தப்பிக்கும். அந்தச் சரிவில் இயந்திரம் ஏறாது, எல்லாம் ஆள்கூலி. அதனால் பாட்டில் விலை.

இருபத்தைந்து மதிப்பெண் பதில் அதுதான். ஒயின் தெரியாத ஒருத்தன் மூணுதரம் ‘அதனால?’, ஒருதரம் ‘ஏன்?’ கேட்டதில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் இந்த வழியில்தான். ஒரு தகவல் படித்தால் அதோடு நிறுத்தக்கூடாது. இடம், தட்பவெப்பம், மண், கொடி, தோட்டத்தில் செய்யும் வேலை, தொட்டியில் செய்யும் வேலை, கிளாஸில் வரும் ருசி, விலை: இந்த வரிசையில் ஒன்று இன்னொன்றை இழுத்துவர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அந்த இடம் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். உடனே புத்தகத்துக்குத் திரும்புங்கள். கேட்பதற்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒயின் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. தெரிந்தவன் தலையாட்டிவிடுவான்.

எங்கே தொடங்குவது? எல்லோரும் பிரான்ஸில் தொடங்குகிறார்கள், பெயர்களில் விழுந்து மூச்சுத்திணறுகிறார்கள். தோட்டத்தில் தொடங்குங்கள். முதல் மாதம் முழுக்கக் கொடியும் தொட்டியும்தான், ஒரு நாட்டின் பெயர்கூட வேண்டாம்.

இதில் எனக்கு ஊர் கைகொடுத்தது. எங்கள் பக்கம் பந்தலில் படரும் பன்னீர் திராட்சையைப் பார்த்து வளர்ந்தவன் நான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கவாத்து என்றால் என்ன, எந்தக் கண்ணில் வெட்டினால் எது துளிர்க்கும், கொத்து கூடிப்போனால் பழம் ஏன் சப்பென்று போகும் என்பதெல்லாம் சித்தப்பா தோட்டத்தில் கேட்டது. புத்தகத்தில் ‘ப்ரூனிங்’ என்று இருபது பக்கம் இருந்தது கவாத்துதான். ஆனால் ஒரு இடத்தில் ஊர் அறிவே காலை வாரியது. எங்கள் ஊரில் கொடி தூங்காது. கவாத்து செய்தால் துளிர்க்கும், வருஷத்துக்கு இரண்டு வெள்ளாமை எடுக்கலாம். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலையை உதிர்த்துவிட்டு மரக்கட்டை மாதிரி உறங்கும். அங்கே வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை, அதனால் அந்த வருஷத்து மழையும் வெயிலும் அந்த ஒரே வெள்ளாமையின் தலையெழுத்து. ‘விண்டேஜ்’ (அறுவடை வருஷம்) என்ற சொல்லுக்கு அங்கே ஏன் அத்தனை மரியாதை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொன்று. பன்னீர் திராட்சையின் உலகப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மரபணுச் சோதனைப்படி அதற்கு ஒரு பக்கம் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா, மறுபக்கம் ஸ்கியாவா குரோஸ்ஸா. இந்த ஸ்கியாவாவுக்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் ட்ரோலிங்கர் என்று பெயர். தேர்வுக்கு இது வராது. ஆனால் வூர்ட்டம்பெர்க் பக்கத்தைப் படிக்கும்போது சம்பந்தி வீட்டுக்குப் போனமாதிரி இருந்தது, அந்தப் பக்கம் மறக்கவே இல்லை. உங்களுக்கும் ஏதாவது ஒரு முடிச்சு இருக்கும், தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆறு. ஒயின் படிப்பில் பாதி ஆற்றுப் படிப்பு. கையால் வரைபடம் வரையுங்கள், தினமும் ஒன்று, பார்க்காமல். அழகெல்லாம் வேண்டாம், பார் பில்லின் பின்பக்கம் போதும். பிரான்ஸின் போர்தோவை எடுத்துக்கொள்வோம். தெற்கேயிருந்து கரோன் ஒரு கோடு, கிழக்கேயிருந்து தோர்தோன் ஒரு கோடு, இரண்டும் சேர்ந்து ஜிரோந்த் என்ற கழிமுகமாக வடமேற்கே கடலுக்குப் போகும். தலைகீழ் ‘ஒய்’ மாதிரி இருக்கும். இனி இதற்குள்ளே எல்லாவற்றையும் வையுங்கள்.

இடது கரையில் சரளைக்கல். தண்ணீர் நிற்காது, சூடு பிடித்துக்கொள்ளும். அதனால் பிந்திப் பழுக்கும் கேபர்னே சோவிஞ்யோன் அங்கே பழுக்கும். வலது கரையில் களிமண் அதிகம். ஈரம், குளிர்ச்சி. அங்கே கேபர்னே திணறும், முந்திப் பழுக்கும் மெர்லோ நன்றாக வரும். அதனால் இடது ஒயின் இறுக்கம், துவர்ப்பு. வலது ஒயின் சதைப்பற்று, மென்மை. மேற்கே லாந்த் பைன் காடு, அட்லாண்டிக் காற்றுக்கும் மழைக்கும் வேலி. தெற்கே கரோனில் சிரோன் என்று ஒரு சின்ன ஆறு வந்து விழும். அது குளிர்ந்த தண்ணீர், கரோன் அதைவிட வெதுவெதுப்பு. இலையுதிர்காலக் காலையில் இரண்டும் சேரும் இடத்தில் மூடுபனி எழும், பழத்தில் பூஞ்சை பிடிக்கும். மத்தியானம் வெயில் வந்து காயவைக்கும், அதனால் பழம் அழுகாமல் வற்றிச் சுண்டும், சர்க்கரை திரளும். சோத்தெர்ன் என்ற இனிப்பு ஒயின் அங்கே ஏன் என்ற கேள்விக்கு இந்த ஒரு மூலை போதும்.

இடது கரையில் இருக்கும் மெதோக்கின் நான்கு முக்கிய ஊர்கள் வடக்கிலிருந்து தெற்கே: செயின்ட் எஸ்தெஃப், போயாக், செயின்ட் ஜூலியன், மார்கோ. இதற்குக் காரணமெல்லாம் இல்லை, வரிசை மட்டும்தான். நான் போட்டுக்கொண்ட வாய்ப்பாடு: "எப்ப போனாலும் ஜூஸ்தான் மாமா." எ, போ, ஜூ, மா. கேவலமாக இருக்கிறதா? தேர்வு அறையில் கைகொடுத்தது இதுதான்.

இதே மாதிரி லுவாரைக் கடலிலிருந்து உள்ளே போகிற மாதிரி வரையுங்கள். கடலோரம் நான்ட் பக்கம் மஸ்கடே, உள்ளே ஷினோனில் கேபர்னே ஃபிராங், அடுத்து வூவ்ரேயில் ஷெனின் ப்ளாங், கடைசியில் கிழக்கே எதிரெதிர்க் கரையில் சான்ஸேரும் பூயி-ஃப்யூமேயும். அந்தப் படத்தை ஒருதரம் வரைந்திருந்தால் அன்று மேசையில் மானம் போயிருக்காது. ரோன் ஆற்றங்கரையில் வடக்கே செங்குத்துக் கருங்கல் சரிவில் சிரா, தெற்கே உருண்டைக் கல் பரப்பில் கிரெனாஷ். இத்தாலியை மட்டும் ஆறு வைத்துப் பிடிக்க முடியவில்லை. அங்கே நான் மலையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்காது. சில எண்கள் வெறும் சட்டம், வாய்ப்பாடு மாதிரி உருப்போடத்தான் வேண்டும். விற்பதற்கு முன் ஒயினைக் குறைந்தது எவ்வளவு காலம் பக்குவப்படுத்த வேண்டும் என்பது அப்படி: இத்தாலியின் பரோலோ 38 மாதம், அதில் 18 மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோ 26, அதில் 9. ஷாம்பேனில் வருஷம் போடாதது குறைந்தது 15 மாதம், வருஷம் போட்டது 36. ஸ்பெயினின் ரியோஹா சிவப்பில் கிரியான்ஸா இரண்டு வருஷம், ரெஸர்வா மூன்று, கிரான் ரெஸர்வா ஐந்து. இதற்கு அட்டைதான் வழி. முன்பக்கம் பெயர், பின்பக்கம் எண். சட்டைப்பையில் பத்து அட்டைக்கு மேல் வைக்காதீர்கள். லிஃப்ட்டுக்கு நிற்கும் நேரம், கிளாஸ் துடைக்கும் நேரம், அவ்வளவில் பத்துதான் ஓடும். தெரிந்ததை எடுத்துவிட்டுப் புதுசைப் போடுங்கள். பொறி இருக்கும் இடத்துக்குச் சிவப்பு மை. ஷாம்பேனில் ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்றால் 12 முதல் 17. ‘ட்ரை’ என்றால் இனிப்பில்லாதது, அதனால் பெயரைப் பார்த்தால் எக்ஸ்ட்ரா ட்ரைதான் இனிப்பு குறைந்தது என்று தோன்றும். இல்லை, அதுதான் இனிப்பு கூடியது. தேர்வு வைப்பவர்களுக்கு இந்த மாதிரி இடம் ரொம்பப் பிடிக்கும்.

பெயர்களைத் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், உச்சரிப்புக்கு அது நல்ல உதவி. ‘ஷாத்தோ’, ‘ஓ-ப்ரியோன்’ என்று எழுதிப் பழகினால் மேசையில் நாக்கு குழறாது. ஆனால் அந்தத் தமிழ் எழுத்துக்குப் பக்கத்திலேயே மூல எழுத்துக்கூட்டலையும் எழுதுங்கள். நான் சோம்பல்பட்டுத் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு, தேர்வில் எழுதும்போது எங்கே ‘எக்ஸ்’, எங்கே ‘டி’ என்று விழித்தேன். பிரெஞ்சில் பாதி எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கும், வாயில் வராது.

அண்ணன்மார் கொடுக்கும் பழைய நோட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கும் ஒரு சீனியர் தன் நோட்டைக் கொடுத்தார். முத்துமுத்தான கையெழுத்து. அதில் போர்தோ வலது கரையின் செயின்ட் எமிலியோனில் உச்சத் தரத்தில் நான்கு தோட்டப் பெயர்: ஒஸோன், ஷெவால் ப்ளாங், அன்ஜெலுஸ், பாவி. அது 2012 பட்டியல். அதில் முதல் மூன்று பேரும் விலகிவிட்டார்கள், 2022 பட்டியலின் உச்சத் தரத்தில் இருப்பவை பாவியும் ஃபிஜாக்கும் மட்டுமே. மெதோக்கின் 1855 பட்டியல் அப்படியில்லை. 1973-ல் மூத்தோன் ரோத்ஷில்டை முதல் தரத்துக்கு உயர்த்தியதுதான் அதில் நடந்த பெரிய மாற்றம். எது கல்வெட்டு, எது கரும்பலகை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகை வகையைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு இன்னொருதரம் சரிபாருங்கள்.

குடிக்காமல் படிக்க முடியுமா என்று ஊரில் கேட்கிறார்கள். அம்மாவும் கேட்டார், வேறு தொனியில். தியரியை ஒரு சொட்டு குடிக்காமல் படிக்கலாம். சுவைத்தேர்வுக்கு வாயில் வைத்துத் துப்பினால் போதும், துப்புவதுதான் அங்கே முறையும்கூட. நமக்கு வரும் உண்மையான கஷ்டம் வேறு. புத்தகத்தில் ‘கூஸ்பெரி’ என்று இருப்பது நம் நெல்லிக்காய் இல்லை. அது வேறு செடி, வேறு வாசம். நான் நெல்லிக்காயை நினைத்துக்கொண்டு நியூஸிலாந்து சோவிஞ்யோனில் மாதக்கணக்காகத் தேடினேன். ‘பிளாக்கரன்ட்’டை நான் கண்ணால் கண்டதே இல்லை, காலை பஃபேயில் இருந்த ஜாம் பொட்டலத்தை முகர்ந்து முகர்ந்துதான் மனதில் வைத்தேன். தெரியாத பழத்தின் வாசத்தை எழுத்தில் படித்துப் பயனில்லை, ஜாமோ ஜூஸோ எது கிடைத்தாலும் முகர்ந்துவிடுங்கள்.

பணியிடத்தையும் விடாதீர்கள். பார் மெனுவில் இருக்கும் ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரு ‘அதனால’ கதை தயார் பண்ணுங்கள். எங்கள் பட்டியலில் மடேரா என்ற அட்லாண்டிக் தீவின் ஒயின் இருந்தது, வருஷத்துக்கு நாலு பேர் கேட்டால் அதிகம். ஆனால் அதைப் படித்த அன்று கப்பலில் இருப்பதற்கே அர்த்தம் கிடைத்தமாதிரி இருந்தது. ஒருகாலத்தில் அந்தத் தீவிலிருந்து ஒயின் பீப்பாய்கள் இந்தியாவரை கப்பலில் வரும். வெப்பமண்டலக் கடலைக் கடக்கும்போது அடித்தட்டுச் சூட்டில் வெந்து, கெட்டுப்போவதற்குப் பதில் ருசி கூடியது. போய்த் திரும்பிய பீப்பாய்க்குத் தனி மவுசு. பிறகு கப்பலுக்குப் பதில் தீவிலேயே சூடுபண்ண ஆரம்பித்தார்கள்: தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வரை, குறைந்தது மூன்று மாதம். நல்ல சரக்கை மாடிப் பரணில் வெயில் சூட்டில் வருஷக்கணக்காக விடுவார்கள். ஏற்கெனவே வெந்தும் காற்றுப் பட்டும் ஆனதால் திறந்த பாட்டில் மாதக்கணக்கில் கெடாது. இதை ஒரு வயதான தம்பதிக்குச் சொன்னேன். இரண்டு கிளாஸ் கேட்டார்கள், மறுநாளும் வந்தார்கள். அந்தப் பாடத்தை நான் அதற்கப்புறம் திருப்பிப் பார்க்கவே இல்லை.

சுவைத்தேர்வில் முதலிலேயே தேறியிருந்ததால் தியரியை மட்டும் மறுபடி எழுதினேன். இரண்டு மணி நேரத்தைப் பிரித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கொள்குறி வினாவுக்கு 35 நிமிடம். தெரியாததில் குந்தக்கூடாது, குறிவைத்துவிட்டு நகர வேண்டும். எழுத்து வினா ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். மிச்சம் ஐந்து நிமிடம் விட்டதைப் பார்க்க. கேள்வியில் ‘குறிப்பிடுக’ என்றிருந்தால் ஒரு சொல் போதும், கதை எழுதி நேரத்தைக் கொட்டாதீர்கள். ‘விளக்குக’ என்றிருந்தால் மட்டும் சங்கிலியைப் போடுங்கள். என் ஆங்கிலம் பெரிய ஆங்கிலம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியம், நடுவில் ‘ஸோ’, ‘பிகாஸ்’. அதற்கு மதிப்பெண் குறையவில்லை. வீட்டில் பயிற்சி எடுக்கும்போதும் பேனாவால் எழுதியே பழகுங்கள். ஃபோனில் தட்டிப் பழகிய கை இரண்டாவது பதிலிலேயே வலிக்க ஆரம்பித்துவிடும்.

அன்று வந்த வினாவில் ஒன்று பூஞ்சை பிடித்த இனிப்பு ஒயின் பற்றியது. பேனாவை எடுத்ததும் முதலில் தாளின் ஓரத்தில் அந்தத் தலைகீழ் ‘ஒய்’யை வரைந்துகொண்டேன்.